பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை

மருத்துவம், பல் மருத்துவம் ஆகிய படிப்புகளுக்கான சேர்க்கைப் பட்டியலைச் 'சென்டாக்' ஆண்டுதோறும் வெளியிடும் வேளையில், நம் புதுவைப் பங்குக் குடும்பங்கள் சிலவற்றில் மகிழ்ச்சியும், பலவற்றில் கனத்த மௌனமும் குடியேறுகின்றன. குருசுக்குப்பம் போன்ற கடலோரக் குப்பங்களில் இம்மௌனம் இன்னும் ஆழமானது. அங்கே ஒரு பிள்ளை பல் மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டால், அது அவ்வீட்டாரின் ஆசையாக மட்டும் நிற்பதில்லை. தெருவே அதை அறிந்திருக்கும். ஆகவே இடம் கிடைக்கவில்லை என்ற செய்தியும் தெருவெங்கும் பரவிவிடுகின்றது. "என்ன ஆயிற்று?" என்று கேட்போருக்கு விடையளிக்க அஞ்சியே வெளியே வராத பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மறுக்கப்பட்டது யார்?

முதலில் உண்மை நிலையை அறிந்துகொள்வோம். 2024-ஆம் ஆண்டு 'நீட்' தேர்வை எழுதியோர் நாடெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் பேர். அவர்களுள் தகுதி பெற்றோர் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாட்டிலுள்ள பல் மருத்துவ இளநிலைப் படிப்பு இடங்களோ முப்பதாயிரத்துக்கும் குறைவு; அவற்றுள்ளும் பெரும்பகுதி, மிகுந்த கட்டணம் பெறும் தனியார் கல்லூரிகளில் உள்ளவை. நம் ஊரில் கோரிமேட்டிலுள்ள மகாத்மா காந்தி அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் இடங்கள் சில பத்துகளே. 'தகுதி பெற்றேன், ஆயினும் இடமில்லை' என்பது இக்காலத்தில் பல லட்சம் பிள்ளைகளின் நிலை. நாற்காலிகள் குறைவாக இருந்தமையால் நின்றவனை, நிற்கவே தகுதியற்றவன் என்று எவரும் கூறார். பட்டியல் கூறுவது இடத்தைப் பற்றியே; பிள்ளையின் மதிப்பைப் பற்றியன்று.

நியாயமற்ற மறுப்புகளும் உலகில் நிகழ்ந்ததுண்டு. அமெரிக்க நாட்டில் லூசி ஹாப்ஸ் என்னும் மங்கை 1861-இல் ஒகையோ பல் மருத்துவக் கல்லூரியின் கதவைத் தட்டினார். பெண் என்ற ஒரே காரணத்தால் கதவு திறக்கப்படவில்லை. அவர் அனுபவமிக்க பல் மருத்துவர்களிடம் தனியே பயின்று தொழிலை நடத்தி வந்தார். 1865-இல் அயோவா மாநிலப் பல் மருத்துவச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதன்பின் அதே கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1866-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. எல்லாருக்கும் இவ்வாறே கதவு திறக்கும் என்று நாம் பொய்யுரைக்க விரும்பவில்லை. ஆயினும், மறுத்த கல்லூரியின் முடிவு அவரது ஆற்றலுக்கு அளவுகோலாகவில்லை என்பதை மட்டும் நம் பிள்ளைகள் மறவாதிருக்கட்டும்.

வீட்டில் பேசும் சொற்கள்

ஏமாற்றம் அடைந்த பிள்ளை சில நாள் அழட்டும். "இதற்கெல்லாம் அழலாமா?" என்று அதட்டுவதும், "எல்லாம் நன்மைக்கே" என்று உடனே வாயடைப்பதும் வேண்டா. ஓர் இழப்பு நேர்ந்துள்ளது. அதை இழப்பு என்றே ஏற்றுக்கொள்வது முதல் ஆறுதல். "பயிற்சி வகுப்புக்கு இவ்வளவு பணம் கட்டினோமே," "உன் பெரியப்பா மகளைப் பார்" என்னும் இரண்டு வாக்கியங்களை வீட்டை விட்டே விலக்கிவிடுங்கள். பணத்தை எண்ணிப் பெற்றோர் வருந்துவது இயல்பே. அதைப் பிள்ளையின் எதிரே கணக்கிடுவதுதான் காயப்படுத்துகின்றது.

சில அறிகுறிகளை அலட்சியம் செய்யலாகாது. உணவும் உறக்கமும் பல நாள் குன்றுதல், எவரிடமும் பேசாதிருத்தல், தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், "நான் உங்களுக்குப் பாரம்" என்று கூறுதல் முதலியன அவை. இவற்றைக் கண்டால், சாகும் எண்ணம் உண்டா என்று அன்போடு நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடும் என்னும் அச்சம் தவறானது; பாரத்தைச் சொல்ல வாய்ப்புக் கிட்டுவதே பலரைக் காக்கின்றது. அத்தகைய பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது குடும்பத்துக்கு இழுக்கன்று.

இனிச் செய்யத்தக்கவை

வலை வெறுமையாகத் திரும்பிய நாளில் நம் மீனவர் வலையைக் கொளுத்துவதில்லை. அறுந்த கண்ணிகளைக் கோத்து, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்த பின்னரே அடுத்த நாள் முடிவை எடுக்கின்றனர். நாமும் அவ்வாறே ஆராய்வோம்.

முதலாவது, சேர்க்கை ஒரே சுற்றில் முடிவதன்று. முதற்சுற்றில் பெயர் இல்லையெனில் அடுத்த சுற்றுகள் உண்டு. இறுதியில் தனியார் கல்லூரிகளில் இடங்கள் காலியாக எஞ்சுவதும் உண்டு. எனவே அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனியுங்கள். அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளுக்குப் புதுச்சேரியில் 2023 முதல் பத்து விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்படுவதையும் மறவாதீர்கள். சான்றிதழ்களைக் காலத்தே பெற்று வையுங்கள்.

இரண்டாவது, இவ்வேளையில்தான் இடைத்தரகர்கள் வீடு தேடி வருவர். பல் மருத்துவ இடங்கள், தனியார் கல்லூரியாயினும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயினும், நீட் மதிப்பெண் அடிப்படையில் அரசு நடத்தும் கலந்தாய்வு வழியே நிரப்பப்படுகின்றன. "பணம் கொடுங்கள், நேரடியாக இடம் வாங்கித் தருகிறேன்" என்பவரை நம்பி நகையையோ படகையோ அடகு வைக்காதீர்கள்.

மூன்றாவது, மறுமுறை எழுதுவதா என்னும் கேள்வி. நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரையறையும் இல்லை. கதவு திறந்தே இருப்பதனால்தான் எல்லையை நாமே வகுக்க வேண்டியுள்ளது. எப்பாடத்தில் எத்தனை மதிப்பெண் குறைந்தது, ஓராண்டு உழைப்பால் அவ்விடைவெளி நிரம்புமா என்று அறிந்த ஆசிரியரிடம் கேளுங்கள். இன்னும் ஓராண்டு என்று முடிவு செய்தால், அதற்குப் பின் என்ன என்பதையும் இன்றே பேசி வையுங்கள்.

நான்காவது, இவ்வாசை யாருடையது என்பதை மனம் திறந்து கேளுங்கள். எம்.பி.பி.எஸ். கிட்டாவிடில் பல் மருத்துவமாவது என்று பெற்றோர் வற்புறுத்தியதா? அவ்வாறாயின், இம்மறுப்பு பிள்ளையின் சொந்த விருப்பத்தைக் கேட்க நமக்குக் கிட்டிய தருணம். உண்மையிலேயே பல் நலப் பணியில் நாட்டமுடையோர்க்கு வேறு வழிகளும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் மருத்துவரோடு பல் சுகாதாரப் பணியாளரையும், செயற்கைப் பற்கள் செய்யும் தொழில்நுட்பரையும் பதிவுக்குரிய தொழிலினராக ஏற்றது. இவற்றுக்குப் பட்டயப் படிப்புகள் உள்ளன. நோயாளர் பணியை விரும்புவோர், நம் ஊரிலேயே அன்னை தெரசா சுகாதார அறிவியல் நிலையத்தில் மருந்தியல், இயன்முறை மருத்துவம், செவிலியம் முதலிய படிப்புகளை நாடலாம்.

பங்கின் கடமை

தேர்ச்சி பெற்றோரை மேடையேற்றிப் பாராட்டும் வழக்கம் நம் பங்குகளில் உண்டு, அது நல்லதே. இடம் கிட்டாத பிள்ளையை யார் பார்க்கச் செல்கின்றோம்? வழியில் நிறுத்தி மதிப்பெண் கேட்பதை விடுத்து, "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டாலே போதும். விண்ணப்பம் நிரப்பவும் சான்றிதழ் வாங்கவும் வழியறியாத வீடுகளுக்கு, கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் இருவர் துணை சென்றால் அது பெரும் அறச்செயல். பட்டியலில் இல்லாத பெயர், நம் வீட்டிலும் நம் மன்றாட்டிலும் இருந்தே தீரவேண்டும்.