ஓர் 'அல்லது' செய்யும் வேலை

வியட்நாம் போரில், 1967 முதல் 1972 வரை, அமெரிக்க விமானங்கள் ஹோ சி மின் பாதைக்கு மேலிருந்த மேகங்களில் வெள்ளி அயோடைடைத் தூவின. மழைக்காலத்தை நீட்டிப் பாதையைச் சேறாக்குவதே நோக்கம். செய்தி வெளிப்பட்டபின் எழுந்த எதிர்ப்பினால், இயற்கைச் சூழலை மாற்றிப் போர்க்கருவியாக்குவதைத் தடுக்கும் உடன்படிக்கை உருவாகி, 1978 அக்டோபர் 5இல் நடப்புக்கு வந்தது.

மொழியியல் பயின்ற நாம் அதன் முதல் உறுப்பில் ஓர் இடைச்சொல்லில் நின்றுவிடுகிறோம். 'பரவலான, நெடிது நீடிக்கும் அல்லது கடுமையான' விளைவு என்கிறது அது. மூன்றில் ஒன்று போதும், தடை பொருந்தும். 1977இல் ஏற்கப்பட்ட ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையோ, சூழற்கேடு பரவலாகவும் நெடுங்காலத்ததாகவும் கடுமையாகவும் இருத்தல் வேண்டும் என்று மூன்றையும் 'உம்' கொண்டு கோக்கிறது. ஒன்று குறையினும் தடை நழுவும். (ஆசிரியர்கள் எண்ணும்மை நடத்தும்போது இவ்விரு தொடர்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டலாம்.) கால அளவும் வேறு: முன்னதில் சில மாதங்கள் அல்லது ஏறத்தாழ ஒரு பருவம், பின்னதில் பத்தாண்டுக் கணக்கு. ஒரு பருவமழையை நீட்டும் செயல் முன்னதில் அகப்படலாம், பின்னதில் அகப்படாது.

மலேசியாவில் புகைமூட்டத்தைத் தணிக்கச் செய்யும் மேகவிதைப்பு இத்தடைக்குள் வராது; 'பகைமை நோக்கில்' என்னும் அடை அதை விலக்கிவிடுகிறது. அந்நோக்கம் இருந்ததென்று ஐயுறும் நாடு முறையிட வேண்டிய இடம் ஐ.நா. பாதுகாப்பு மன்றம். அங்கே மறுப்புரிமை பெற்ற நாடுகள் ஐந்து. அவற்றுள் ஒன்று அமெரிக்கா.