பாலைவனப் பாதையின் உடையவர்

நண்பர்கள் சிலர் கூடி, மோட்டாரில் நீரும் பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு, ஆஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடந்து செல்வது இக்காலத்தில் பெரிய வினோதமாகக் கருதப்படுகிறது. கூபர் பீடியிலிருந்து லாவர்ட்டன் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளும் ஆன் பீடெல் பாதை அத்தகையோர்க்கு மிகவும் பிரியமானது. அதன் தனிமையைக் கண்டு அவர்கள் வியக்கின்றனர். அப்பாதை பிறந்த காரணத்தையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

அணுகுண்டுச் சோதனைக்காக எமு வெளிக்கு வழி செய்யவே அதன் முதற் பகுதி வெட்டப்பட்டது. 1953 அக்டோபரில் பிரிட்டிஷ் சர்க்கார் அங்கே இரண்டு குண்டுகளை வெடித்தனர். அப்பிரதேசம் வெறுங்காடன்று, பூர்வகுடிகளின் தாய்நாடு. கரிய மூடுபனி தங்கள்மீது கவிந்ததென்றும், பலர் நோயுற்றனரென்றும் அவர்கள் முறையிட்டனர். முதற்குண்டைத் தகாத காற்றில் வெடித்தனர் என்று ராயல் கமிஷன் தீர்ப்புக் கூறியது 1985-லேதான். முப்பத்திரண்டு ஆண்டுகள்!

1984-ல் சட்டத்தின் மூலம் மாரலிங்கா நிலம் உடையவர்களுக்கே மீண்டது. இன்று அவ்வழி செல்வோர் அவர்களிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். இதனை வீண் தொல்லையென்று எண்ணுதல் தகாது என்பது நமது அபிப்பிராயம். வாயிலில் நின்று கேட்டு நுழைவதே விருந்தினர்க்கு அழகு. கேளாது நுழைந்தோர் செய்த கேட்டிற்கு அப்பாதையே சாட்சி.