தண்டலுக்குத் தெரிவது தலைமையகத்துக்கு எப்போது தெரியும்?

மலேசியாவின் ரந்தாவ் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒருகாலத்தில் ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை. மலேசியத் தோட்டத் தொழிலில் மரம் மட்டுமல்ல, முதலாளியும் மாறியிருக்கிறார். லண்டனிலிருந்து ஆண்ட கத்ரி நிறுவனம் 1981 செப்டம்பர் 7 காலை, சில மணி நேரப் பங்கு வாங்கலில் மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. 2017இல் தோட்டப் பிரிவு தனி நிறுவனமாகப் பங்குச் சந்தையில் ஏறியது. 2024இல் பழைய பெயரைத் தேடிப் பிடித்து எஸ்டி கத்ரி ஆனது. பெரிதாக மாறாதது ஒன்று உண்டு. துரை, சின்னத் துரை, கிராணி, தண்டல், கடைசியில் குலை வெட்டுபவர் என்ற வரிசை அது. உத்தரவு மேலிருந்து வரும், கணக்கு கீழிருந்து போகும். பெரிய நிறுவனங்கள் விரைவாக முடிவெடுக்க வேண்டும், எல்லா மட்டமும் தொடர்பில் இருக்க வேண்டும் என்று இன்று நிர்வாக மேடைகளில் பேசப்படுவது இந்த வரிசையைத்தான் உரசுகிறது. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருளாளர்களின் அறிக்கையால் 'எஜைல்' என்று புகழ்பெற்ற இந்தப் போக்கு, கணினியைவிடச் செம்பனைக்கே அதிகம் தேவை என்பது என் கட்சி.

காரணம் பழத்திலேயே இருக்கிறது. குலை பழுத்ததை மரத்தடியில் கிடக்கும் உதிரிப்பழத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். முன்கூட்டி வெட்டினால் எண்ணெய் குறையும். தாமதித்தால் உதிரி பெருகி, பொறுக்கவே ஆள் போதாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்க்கிறார்கள். அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும். கச்சா எண்ணெயில் அது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வணிக வழக்கு. இரவு மழையில் உள்பாதை சேறானதா, நேற்றைய குலை இன்னும் வரப்பிலேயே கிடக்கிறதா என்பது காலைப் பெரட்டில் நிற்பவர்களுக்குத் தெரியும். எந்த வெட்டை இன்று முதலில் முடிப்பது, லாரியை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தத் தகவலுக்கு அருகில் இருக்க வேண்டும். அவர் இரண்டு அலுவலகம் தள்ளி இருந்தால் எண்ணெய்தான் நஷ்டம்.

இது வெறும் ஊகமல்ல. மலேசியாவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை ஆட்கள் கையால் தூவிய காலம் ஒன்று இருந்தது. யூனிலிவர் தோட்டங்களில் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் 1950களில் கேமரூனுக்குப் போனபோது, அங்கே யாரும் தூவாமலே காய் பிடிப்பதையும் பூவில் சிறு கூன்வண்டுகள் மொய்ப்பதையும் கவனித்தார். காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அறிஞர்கள் உறுதியாக இருந்தார்கள். 1970களில் அவரே நிர்வாகத்தின் உச்சிக்குப் போன பிறகுதான் பூச்சியியலாளர் ரகுமான் சையது தலைமையில் ஆய்வு தொடங்கியது. 1981இல் ஜொகூரின் குளுவாங் பக்கத் தோட்டத்தில் வண்டை விட்டார்கள். கைத்தூவல் ஓய்ந்தது. வெள்ளைக்காரத் துரை கண்ணால் கண்டதற்கே இத்தனை ஆண்டு பிடித்தது என்றால், தண்டலின் பேச்சு எத்தனை காலம் காத்திருக்கும்?

கெட்ட செய்தி இன்னும் மெதுவாக ஏறும். 2020 ஏப்ரலில் வெளியார் அமைப்பு ஒன்று மனுப் போட, அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு அறிகுறிகளைக் காட்டி சைம் டார்பி பிளான்டேஷனின் (இன்றைய எஸ்டி கத்ரியின்) செம்பனைப் பொருள்களைத் தடுத்து நிறுத்தியது. ஆள் சேர்ப்புக்காகத் தொழிலாளர் கட்டிய பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் சுமார் 82 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது; 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. ஊரைவிட்டுக் கடனோடு வந்தவர் தூங்குவது தோட்டத்து வீட்டில்தான். அவருடைய கடன் தண்டலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அது உரிய காலத்தில் மேலே போய் வேலை நடந்திருந்தால் வாஷிங்டன் வரை போக வேண்டியிருக்காது. என்னைக் கேட்டால், தொடர்பற்ற அமைப்புக்கு இதைவிட விலை உயர்ந்த சான்று வேண்டாம்.

ஆளுக்கொரு முடிவு என்று விட்டால் ஒழுங்கு கெடும் என்பார்கள். ஓரளவு சரி. பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020இல் தடை வந்தது. அதை அடிக்கலாமா என்று ஒவ்வொரு டிவிஷனும் யோசிக்க முடியாது. மருந்தளவும் பாதுகாப்பும் ஒரே விதிதான். இன்றைய வெட்டு வரிசை அப்படியல்ல. கண்டிப்பும் தொழிலாளர் யோசனையும் ஒன்றாக வாழாது என்பவர்கள் சென்னை பாடியைப் பார்க்கட்டும்: ஊழியர் அனைவரையும் தர முயற்சியில் இழுத்த சுந்தரம் கிளேட்டன் 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டவரிடம் என்ன யோசனை கேட்பது என்ற பேச்சும் உண்டு. மரத்தடியில் நிற்பவர் அவர்தானே.

எனக்குக் கனமாகப்படும் ஆட்சேபம் வேறு. தண்டல் கையில் கைப்பேசி கொடுத்து, வெட்டிய குலையைப் படம் எடுக்கச் சொல்வதைத் 'தொடர்பு' என்று சொல்லிக்கொள்ளலாம். கீழே இருப்பவருக்கு அது கண்காணிப்பு. குலைக்கோ எடைக்கோ கூலி வாங்குபவர் உள்பாதை இடிந்ததைச் சொல்ல நின்றால் அந்த நேரத்துக்குக் காசில்லை. பழுக்காத குலைக்கு அபராதம் இருக்கும் இடத்தில் யாரும் உண்மையைச் சொல்லத் துணியவும் மாட்டார். வண்டு வந்தபோது மிச்சமான கூலி தோட்டத்துக்குப் போயிற்று, தூவியவர்களுக்கு அல்ல. அந்த ஞாபகம் லயங்களில் மறையவில்லை என்றால் வியப்பில்லை. ஆகவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் செயலி அல்ல, கூலி ஒப்பந்தம். 1954இல் பி.பி. நாராயணன் போன்றோர் உருவாக்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமான மாப்பாவும் மரத்தின் உயரத்தையும் குலையின் எடையையும் வைத்து விலை பேசிப் பழகியவர்கள்தான். குறை சொல்ல நின்ற நேரத்துக்கு என்ன கூலி, யோசனையால் மிச்சமானதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அதே மேசையில் பேசலாம்.