தொட்டிலருகே அக்கா, சுவரோரமும் அக்கா

ஒரு தொட்டில். அதன்மேல் மெல்லிய வலைத்துணி கூடாரம்போல் இறங்கியிருக்கிறது. உள்ளே குழந்தை தூங்குகிறது. பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தாய், மறுகையால் வலையின் ஓரத்தைப் பிடித்திருக்கிறாள். பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ 1872-இல் வரைந்த ‘தொட்டில்’ இது. இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் தாய்மையைப் போற்றும் படம் என்று சொல்லிவிடலாம். அந்தத் தாய் யார் என்று தெரிந்த பிறகு, எனக்கு அதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

அவர் எட்மா, மோரிசோவின் அக்கா. இருவரும் ஒன்றாகவே ஓவியம் படித்தவர்கள், கோரோ என்ற பெரும் கலைஞரின் வழிகாட்டலைப் பெற்றவர்கள். 1864-இல் பாரிஸின் அரசுக் கண்காட்சியான சலோனில் இருவர் படங்களும் இடம்பெற்றன. 1869-இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்தார். அதோடு அவருடைய ஓவிய வாழ்க்கை நின்றுபோனது. மூன்று வருடம் கழித்துத் தங்கை அவரைத் தொட்டிலருகே உட்காரவைத்து வரைகிறார். அந்த முகத்தில் பாசம் இருக்கிறது. களைப்பும் இருக்கிறது. குழந்தையைத் தாண்டி எங்கோ போய்விட்ட ஒரு யோசனையும் இருக்கிறது. கூடவே நின்று வரைந்த அக்காவின் முகத்தில் இத்தனையையும் படிக்க, தங்கையைத் தவிர வேறு யாரால் முடிந்திருக்கும்?

மோரிசோ பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே வரைந்ததற்குக் காரணம் உண்டு. நல்ல குடும்பத்துப் பெண் தனியாகக் காபிக் கடையில் உட்கார முடியாத காலம் அது. அரசின் ஓவியக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அக்கா, அம்மா, பின்னால் மகள் ஜூலி, இவர்களே அவருக்கு அதிகம் கிடைத்த மனிதர்கள். ‘தொட்டில்’ 1874-இல் இம்ப்ரெஷனிஸ்ட்களின் முதல் கண்காட்சியில் வைக்கப்பட்டது. யாரும் வாங்கவில்லை. குடும்பத்திலேயே இருந்த படத்தை 1930-இல்தான் லூவர் வாங்கியது. மோரிசோ 1895-இல் இறந்தபோது அவருடைய இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டது: ‘தொழில் இல்லை.’

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் டெகாவும் குளிக்கும் பெண்களை, துணி தேய்க்கும் பெண்களை வரைந்தார். வாய் பிளந்து கொட்டாவி விடும் அந்த இஸ்திரிக்காரப் பெண்ணை மறக்கவே முடியாது. ஆனால் டெகா வெளியிலிருந்து வந்து பார்த்தவர். அப்படி உழைக்கும் பெண்களின் வீட்டில் பிறந்து வளர்ந்தவரின் பார்வை வேறு. அதற்கு ஓவியர் எத்வார் வுய்யாரிடம் போகவேண்டும்.

வுய்யார் 1868-இல் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட் உள்ளுடைகளைத் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அம்மா. பாரிஸ் அடுக்குமாடி வீட்டிலேயே தையல் வேலை நடந்தது. மகள் மரியும் அதில் ஓர் ஆள். பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி, கோடு போட்ட துணி, சுவர் முழுக்கப் பூவேலை செய்த வால்பேப்பர்: இவற்றுக்கு நடுவே வளர்ந்த பையனின் கண் எப்படிப் பழகியிருக்கும்! வுய்யாரின் படங்களில் ஆளையும் திரைச்சீலையையும் பிரித்தறியச் சற்று நேரம் பிடிக்கும். பொனார், மோரிஸ் தெனி முதலிய நண்பர்களோடு அவர் சேர்ந்திருந்த குழுவுக்கு ‘நபி’ என்று பெயர். தீர்க்கதரிசி என்று பொருள்படும் ஹீப்ருச் சொல். நாம் அறிந்த ‘நபி’க்கு உறவான சொல்தான்.

1893-இல் அவர் வரைந்த ‘உள்ளறை: ஓவியரின் தாயும் சகோதரியும்’ என்ற ஒரு படத்தைச் சொல்லவேண்டும். மரி அவருக்கு மூத்தவர், தம்பி வரைந்த அக்கா. ஆனால் படத்தில் அவர் வீட்டின் கடைக்குட்டிபோல ஒடுங்கிக் கிடக்கிறார். நடுவில் அம்மா. கறுப்பு உடை, விரிந்த முழங்கால்கள், அவற்றின்மேல் ஊன்றிய கைகள், மலைபோல் உட்கார்ந்திருக்கிறார். இடது ஓரத்தில் மரி சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். நிமிர்ந்தால் தலை சட்டத்தில் இடித்துவிடும்போல் குனிந்திருக்கிறார். அவருடைய கட்டம்போட்ட உடை வால்பேப்பரின் புள்ளிகளுக்குள் கரைகிறது. தரை செங்குத்தாக எழும்பி அறையையே சாய்க்கிறது. அம்மாவின் உருவம் மட்டும் எதிலும் கரையவில்லை. சோறு போட்ட அதே அறை மூச்சையும் முட்டவைத்தது என்பதை மகனாக இருந்துகொண்டே அவர் வரைந்துவிட்டார். அந்த ஆண்டுதான் மரிக்கும் வுய்யாரின் பள்ளித்தோழர் ரூசெலுக்கும் திருமணம் நடந்தது. வுய்யார் விரும்பி ஊக்குவித்த சம்பந்தம். மரிக்கு அதில் நிம்மதி கிடைக்கவில்லை.

ஓர்சேயில் இருக்கும் ‘தொட்டில்’ படமும் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படமும் ஏறத்தாழ ஒரே அளவு. 56 சென்டிமீட்டருக்கு 46. ஒன்றை நிமிர்த்தி வைத்தார்கள், இன்னொன்றைப் படுக்கவைத்தார்கள். கைக்குள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய சட்டங்கள். போர்க்களமும் புராணமும் பெரிய சுவர்களை நிறைத்த நாட்டில், ஒரு பெண் வலையின் ஓரத்தைப் பிடித்திருப்பதற்கு இவ்வளவு இடம் போதுமென்று இவர்கள் கண்டுகொண்டார்கள்.

வுய்யார் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1928-இல் அம்மா இறக்கும்வரை அவரோடேயே வாழ்ந்தார். அப்போது மகனுக்கு 60 வயது. 1890-களின் பிற்பகுதியில் ஒரு கோடாக் கேமரா அவர் கைக்கு வந்திருந்தது. வீட்டில் எல்லோரையும் எடுத்துத் தள்ளினார். அந்தப் படங்களைக் கழுவித் தந்தவர் அம்மா. ஊசி பிடித்துக் காய்த்த விரல்களால் அவர் அதையும் கற்றுக்கொண்டார். பல படங்களில் இருப்பவரும் அவரேதான்.