உஷார்! உங்கள் பில்லிங் சாஃப்ட்வேருக்குத் தேதி தெரியுமா?

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி இரவு ஜிஎஸ்டி கவுன்சில் புது வரி விகிதங்களை அறிவித்தது. 22-ஆம் தேதி அமலுக்கு வந்துவிட்டது. மூன்று வாரம்கூட அவகாசம் இல்லை. சோப்பும் ஷாம்பூவும் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. ஏசியும் சிமென்ட்டும் 28-லிருந்து 18-க்கு வந்தன. அன்று ராத்திரியோடு ராத்திரியாக விகிதத்தை மாற்றி, "அப்பாடா, தப்பித்தோம்" என்று உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. புது விகிதம் ஏறிவிட்டது, சரி. பழைய விகிதம் எங்கே?

பழசை அழித்தீர்களா? ஆபத்து!

ஐட்டம் மாஸ்டரில் 28-ஐ அடித்துவிட்டு 18 என்று போட்டிருந்தால், செப்டம்பர் 20-ல் விற்ற ஏசி திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். அதற்கான கிரெடிட் நோட், விற்ற அன்றைய 28 சதவீதத்தில்தான் போக வேண்டும். சாஃப்ட்வேரோ இன்றைய 18-ஐ எடுத்துக்கொள்ளும். கணக்கு உதைக்கும்.

இன்னொரு சிக்கல்: சரக்கு ஒரு நாள், பில் ஒரு நாள், பணம் வேறொரு நாள். இப்படி இருந்தால் எந்த விகிதம்? மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14-வது பிரிவைச் சுருக்கினால், மூன்றில் இரண்டு, விகிதம் மாறிய தேதிக்கு எந்தப் பக்கம் நடந்ததோ அந்தப் பக்கத்து விகிதம். பில் தேதியை மட்டும் பார்க்கும் சாஃப்ட்வேர் இங்கே கோட்டை விடும்.

விளிம்பில் வழுக்கும்

துணிக்கு, உருப்படி ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், தாண்டினால் 18. சரியாக 2,500 ரூபாய்ச் சட்டைக்கு உங்கள் கம்ப்யூட்டர் என்ன போடுகிறது? "2,500-க்குக் கீழே" என்று எழுதியிருந்தால் 18 போடும். அது தப்பு. 2,600 ரூபாய்ச் சட்டையை 10 சதவீதம் தள்ளுபடியில் பில் போட்டால் விலை 2,340. வரி 5 சதவீதம்தான். தள்ளுபடியைக் கழிப்பதற்கு முன்பே விகிதத்தைத் தேடும் புரோகிராம் கோடு இங்கேயும் 18 போடும்.

"இதெல்லாம் எப்போதாவது மாறுவது" என்று எண்களைக் கோடுக்குள்ளேயே புதைக்காதீர்கள். இ-இன்வாய்ஸ் கட்டாயத்துக்கான விற்றுமுதல் வரம்பு 2020 அக்டோபரில் 500 கோடி. பிறகு 100, 50, 20, 10 என இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடி. மூன்று வருடத்துக்குள் ஐந்து முறை மாற்றம்!

ஒரு இடம் விட்டுப்போனாலும் போச்சு

கவுன்டர் பில், ஆன்லைன் கடை, மொபைல் ஆப், மாதக் கணக்கு என ஒரே விதியை நான்கு இடத்தில் எழுதி வைத்திருப்பீர்கள். மாற்றும்போது மூன்றுதான் ஞாபகம் வரும். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்கு வர்த்தக நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததும் இதுதான். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதுக் கோடு ஏறவில்லை. அதில் கிடந்த பழைய கோடு உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் காலி.

உடனே செய்யுங்கள்

- விகிதம், வரம்பு எல்லாவற்றையும் கோடிலிருந்து எடுத்து ஒரே டேபிளில் வையுங்கள். டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் "எப்போதிலிருந்து, எப்போது வரை" இருக்கட்டும்.
- பழைய வரிசையைத் திருத்தாதீர்கள். முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புது வரிசை சேருங்கள்.
- டேபிள் ஆகிவிட்டதே என்று ஆளாளுக்குக் கைவைக்க விடாதீர்கள். ஒருவர் மாற்ற, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாக வேண்டும்.
- 2,499, 2,500, 2,501 என்று விளிம்புகளுக்குச் சோதனை பில்கள் தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் ஓட்டிப் பாருங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை: சோதனைக் கணினியில் 21.9.2025 தேதியிட்ட ஏசி பில் ஒன்றுக்கு கிரெடிட் நோட் போடுங்கள். 28 வந்தால் சரி. 18 வந்தால், அடுத்த கவுன்சில் கூட்டம் வரை காத்திருக்காமல் உங்கள் டெவலப்பரைக் கூப்பிடுங்கள்.