ஜூரி காதில் விழாத ஒரிஜினல்: 'ஸ்டேர்வே டு ஹெவன்' காப்பியா, இல்லையா?

2016 ஜூன். லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபெடரல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்திருந்தார் ஜிம்மி பேஜ், 'லெட் ஸெப்ளின்' பேண்டின் கிட்டாரிஸ்ட். 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டின் தொடக்க கிட்டார் இசையை 'ஸ்பிரிட்' என்ற அமெரிக்க பேண்டின் 'டாரஸ்' என்ற இசைத்துண்டிலிருந்து சுட்டுவிட்டார்கள் என்பது வழக்கு. விசாரணையில் ஒரு கட்டத்தில் பேஜுக்கு 'டாரஸ்' ஒலிப்பதிவைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அப்போது ஜூரி உள்ளே இல்லை; அவர்கள் கேட்டுவிடக் கூடாது என்பது நீதிபதியின் உத்தரவு. பேஜ் கேட்டு முடித்த பிறகுதான் ஜூரி முன்னால் கேள்விகள் தொடர்ந்தன.

அதாவது, இரண்டு இசையும் ஒன்றா என்று தீர்ப்பு சொல்ல வேண்டியவர்களுக்கு, அந்த இரண்டில் ஒன்றின் ஒரிஜினல் ரெக்கார்டிங் கடைசிவரை போட்டுக் காட்டப்படவே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வழக்கு தொடரப்பட்டது 2014 மே மாதம். அதே ஆண்டு அக்டோபரில்தான், பேஜின் மேற்பார்வையில் ரீமாஸ்டர் செய்யப்பட்ட அந்த ஆல்பம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ் வடிவத்தில் வெளிவந்தது. ரசிகர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 1990 ரீமாஸ்டரா, 2014 ரீமாஸ்டரா எது பெஸ்ட் என்று மல்லுக்கட்டினார்கள்.

ஹை-ரெஸ் ரீமாஸ்டரில் என்னதான் மாறுகிறது?

ரீமாஸ்டர், ஹை-ரெஸ் இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ரீமாஸ்டர் என்பது வேலை. பழைய மாஸ்டர் டேப்பை எடுத்து, பேஸ், ட்ரெபிள் அளவுகளைச் சரிசெய்து, இரைச்சலைக் குறைத்து, சத்தத்தின் அளவை மறுபடி தீர்மானிப்பது. ஹை-ரெஸ் என்பது அந்த வேலையைப் போட்டுக் கொடுக்கும் டப்பாவின் சைஸ். அவ்வளவுதான்.

சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இதிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கிவிடும். மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்குமான இடைவெளி சிடியில் சுமார் 96 டெசிபல். 24 பிட்டில் கணக்குப்படி 144. ஆனால், வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கூடுதல் இடைவெளி யாருக்குக் கேட்கப்போகிறது?

2007-ல் மேயர், மொரான் ஆகிய இருவர் நடத்திய சோதனையில், ஹை-ரெஸ் ஒலியையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2016-ல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சரியாகச் சொன்னவர்கள் சுமார் 52 சதவீதம். பூவா தலையா போட்டாலே 50 வரும்!

அப்படியானால் ரீமாஸ்டர்களுக்கு நடுவே வித்தியாசமே இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. ஆனால் அது பிட் கணக்கில் இல்லை, மாஸ்டரிங் செய்தவரின் கையில் இருக்கிறது. பல ரீமாஸ்டர்களில் வால்யூமை ஏற்றுவதற்காக மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சத்தை அமுக்கிவிடுவார்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை 'நல்ல குவாலிட்டி' என்று நம்பிவிடும். எனவே ஒப்பிடுபவர்கள் முதலில் இரண்டின் வால்யூமையும் சமமாக்க வேண்டும். அப்புறம் ஒரு கண்டிஷன்: வயர்லெஸ் இயர்பட்ஸில் கேட்டு ஹை-ரெஸ் விமர்சனம் எழுதக் கூடாது. சாதாரண ப்ளூடூத் இசையைச் சுருக்கித்தான் அனுப்பும்.

காதுக்குக் கேட்பதும் சட்டத்துக்குக் கேட்பதும்

நல்ல ரீமாஸ்டரில் 'ஸ்டேர்வே'யின் தொடக்கத்தைக் கேட்டால் கம்பியில் விரல் படுவதுகூடத் தெரியும். ஆனால், வழக்கின் மையம் அதில் இல்லை. ஏ மைனரில் தொடங்கி, அரை அரை சுரமாகக் கீழே இறங்கும் பேஸ் வரிசைதான் பிரச்சினை. 1968-ல் வெளியான 'டாரஸி'லும் அது உண்டு. 1971-ல் வந்த 'ஸ்டேர்வே'யிலும் உண்டு. 1968 டிசம்பரில், அமெரிக்காவில் ஸெப்ளின் ஆடிய முதல் கச்சேரியிலேயே ஸ்பிரிட்டும் மேடையேறியது. முதல் தடவை கேட்பவர் யாராக இருந்தாலும், "அட, அதேதானே!" என்று ஒரு கணம் நிமிர்வார்.

ஆனால் 1978-க்கு முன் பதிவான பாடல்களுக்கு அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன்படி, வெளியிடப்படாத படைப்பாகப் பதிவு செய்யும்போது காப்பிரைட் அலுவலகத்தில் கொடுத்த நோட்டேஷனில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டுமே பாதுகாப்பு. 'டாரஸு'க்கு 1967-ல் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு பக்கம். ரெக்கார்டிங்கில் கிட்டார் எப்படி ஒலித்தது, எந்த இடத்தில் மூச்சுவிட்டது என்பதெல்லாம் அந்தத் தாளில் கிடையாது. அதனால்தான் ஜூரிக்கு நோட்டேஷனை வாசித்துக் காட்டினார்களே தவிர, ரெக்கார்டிங்கைப் போடவில்லை.

இந்த விதியில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஒரே மாதிரியான கிட்டார் டோன், ஒரே வேகம், ஒரே மூட் இருந்தால் காது ஏமாந்துவிடும். ஆனால், மெட்டின் காப்பிரைட்டில் டோன் அடங்காது. இறங்கும் பேஸ் வரிசையோ யாருடைய சொத்தும் இல்லை. பல நூற்றாண்டுகளாக இசையில் புழங்குவது. 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் 'சிம் சிம் செரீ' பாட்டில்கூட இருக்கிறது என்று ஸெப்ளின் தரப்பு எடுத்துக்காட்டியது.

ஆனாலும் இந்த விதி யாருக்குச் சாதகம் என்று பாருங்கள். 'டாரஸை' உருவாக்கிய ராண்டி கலிஃபோர்னியா ஒரு கிட்டாரிஸ்ட். அவர் படைத்தது விரலால். சட்டம் பார்த்ததோ அதைச் சுருக்கி எழுதிய ஒரு தாளை. அந்தத் தலைமுறை ராக், ப்ளூஸ் கலைஞர்கள் பலருக்கும் இதே கதிதான். 1997-ல் ஹவாய் கடலில் மகனைக் காப்பாற்றப்போய் ராண்டி இறந்துவிட்டார். அவர் பெயரிலான அறக்கட்டளையின் சார்பில்தான் வழக்கு. பள்ளிக் குழந்தைகளுக்கு இசைக்கருவி வாங்கித்தரும் அறக்கட்டளை அது. பணத்தோடு அவர்கள் கேட்டது, பாட்டின் கிரெடிட்டில் ராண்டியின் பெயர்.

ஸெப்ளினும் இந்த விஷயத்தில் அப்பாவி இல்லை. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் 1985-ல் வழக்குப் போட, சமரசம் செய்துகொண்டு பின்னால் கிரெடிட்டில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

'ஸ்டேர்வே' வழக்கில் அப்படி நடக்கவில்லை. 'டாரஸை'க் கேட்கும் வாய்ப்பு ஸெப்ளினுக்கு இருந்தது என்று ஜூரி ஏற்றுக்கொண்டது. ஆனால், காப்பிரைட் பாதுகாக்கும் அம்சங்களில் ஒற்றுமை இல்லை என்று சொல்லிவிட்டது. 2018-ல் மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. 2020 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதை மாற்றி, ஜூரி தீர்ப்பையும் ஒரு பக்கத் தாளையும் உறுதி செய்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. 2023-ல் எட் ஷீரன் ஜெயித்த 'லெட்ஸ் கெட் இட் ஆன்' வழக்கிலும் நோட்டேஷன்தான் அளவுகோல். அந்தப் பாட்டு 1973-ல் வந்தது.

1978-க்குப் பிறகு வந்த பாடல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை; ரெக்கார்டிங்கையே காப்பிரைட் அலுவலகத்தில் கொடுக்கலாம். நோட்டேஷன் விதி கட்டுப்படுத்துவது அறுபதுகள், எழுபதுகளின் பாடல்களைத்தான். 'புத்தம்புது ஹை-ரெஸ்' என்று ரசிகர்களிடம் மறுபடி மறுபடி விற்கப்படுபவையும் பெரும்பாலும் அவையேதான். 'ஸ்டேர்வே'யின் கிரெடிட்டில் இன்றும் இரண்டே பெயர்கள்: பேஜ், பிளான்ட்.