சீனப் பாலரின் ஒலி விளையாட்டு



சீன நாட்டுப் பாலர் பாடசாலை ஒன்றிலே ஐந்து வயதுப் பிள்ளைகள் கடை வைத்து விளையாடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறுமி கடைக்காரி. ஒரு சிறுவன் அவளிடம் வந்து, தனக்கு இனிப்பு வேண்டும் என்று கேட்கின்றான். இனிப்புக்கு அந்நாட்டு மொழியில் 'தாங்' என்று பெயர். கடைக்காரியோ இனிப்பை எடுத்துக் கொடாமல், ஒரு கிண்ணத்தைத் தூக்கி அவன்முன் வைக்கின்றாள். கிண்ணத்தில் இருப்பது சூப்பு. சுற்றி நிற்கும் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். சிறுவன் ஒருகணம் திகைக்கின்றான். பிறகு தன் குரலை மேல்நோக்கி உயர்த்தி மீண்டும் 'தாங்' என்கின்றான். இப்பொழுது இனிப்புக் கிடைக்கின்றது.

இங்கே நிகழ்ந்தது யாது? சொல்லின் எழுத்தொலி மாறவில்லை. மாறியது அதன் இசை. குரலை உயர்ந்த நிலையிலே சமமாக நிறுத்திச் சொன்னால் 'தாங்' சூப்பு ஆகும். தாழ்விலிருந்து ஏற்றிச் சொன்னால் அதுவே இனிப்பு ஆகும். இந்தச் சிறிய வேறுபாட்டை ஆசிரியை ஒருவர் விளக்க முற்பட்டால் அரைமணி நேரம் சென்றிருக்கும். விளையாட்டோ ஒரு நொடியிலே விளக்கிவிட்டது. சீன மொழியின் ஒலிகளையும், அவற்றைக் குறிக்கும் எழுத்து முறையையும் விளையாட்டின் வாயிலாகப் பாலருக்குப் பழக்குவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சீனத்தின் பொது மொழியாகிய மாண்டரின் மொழியில் நான்கு தொனிகள் உள்ளன. அவற்றோடு, அழுத்தமின்றி மெலிந்து ஒலிக்கும் தொனியும் ஒன்று உண்டு. 'மா' என்னும் ஓரசையை எடுத்துக்கொள்ளுங்கள். சமமாக நீட்டினால் தாய், ஏற்றினால் சணல், தாழ்த்திப் பின் ஏற்றினால் குதிரை, மேலிருந்து சட்டென இறக்கினால் ஏசுதல். நம் தமிழிலும் 'மா' என்பதற்கு மாமரம், விலங்கு, குதிரை எனப் பல பொருள் உண்டு. ஆனால் நாம் எல்லாப் பொருளிலும் அதனை ஒரே வகையாக ஒலிக்கின்றோம்; இடம் நோக்கிப் பொருள் கொள்கின்றோம். சீனருக்கு இசையும் சொல்லின் உறுப்பேயாகும். அது பிழைத்தால் சொல்லே பிழைத்துவிடும்.

சீன எழுத்தோ ஒலியை நேரே காட்டுவதன்று. ஓர் எழுத்தைக் கண்ட அளவில் அதனை எவ்வாறு உச்சரிப்பது என்று பிள்ளை உறுதியாக அறிய முடியாது. இக்குறையை நீக்கும் பொருட்டு இலத்தீன் எழுத்துக்களைக் கொண்டு அமைக்கப்பட்டதே 'பின்யின்' என்னும் ஒலிக்குறி முறை. பொருளியலறிஞராயிருந்து மொழித்துறைக்கு வந்த சோ யூகுவாங் இதனை உருவாக்கிய குழுவிலே முதன்மையான பங்கு கொண்டவர். 1906ஆம் ஆண்டிலே பிறந்த அவர், 2017ஆம் ஆண்டிலே தமது 111ஆம் வயதில் மறைந்தார். 1958ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள் சீன மக்கள் பேரவை பின்யின் முறையை ஏற்றுக்கொண்டது. அன்று தொட்டு, பள்ளிப் பிள்ளைகள் எழுத்தின் உச்சரிப்பை அறிவதற்கு இதுவே கைவிளக்காயிற்று.

கைவிளக்கு நல்லதே. ஆனால் அதனைப் பிஞ்சுக் கையிலே வற்புறுத்தித் திணிக்கும்பொழுதுதான் இடர் தொடங்குகின்றது. முதலாம் வகுப்பிற் சேரும்போது தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அச்சத்தினாலே, சீனப் பெற்றார் பலர் நான்கு, ஐந்து வயதிலேயே பின்யின் எழுத்துக்களை மனனம் செய்விக்க முற்பட்டனர். பாலர் பாடசாலைகள் பலவும் அவ்விருப்பத்துக்கு இசைந்தன. இதனைக் கண்ட சீனக் கல்வி அமைச்சு, 2018ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, பின்யின், எழுத்தறிவு, கணக்கு முதலிய தொடக்கப் பள்ளிப் பாடங்களைப் பாலர் பாடசாலைகள் முன்கூட்டிக் கற்பித்தலாகாது எனப் பணித்தது. 2025ஆம் ஆண்டு யூன் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த பாலர் கல்விச் சட்டமும் அதனை வலியுறுத்துகின்றது.

அவ்வாறாயின், பாலர் பருவத்திலே செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. செவியையும் நாவையும் பண்படுத்துவதே அது. ஒலி செவியிலே தெளிந்த பின்னர் எழுத்து வந்தால், அது பழகிய முகத்துக்குப் பெயர் சூட்டுவது போலாகும். ஒலி தெளியாமுன் எழுத்து வந்தால், காணாத ஒருவரின் பெயரை உருப்போடுவது போலாகும். தவறாகப் பதிந்த உச்சரிப்பைப் பின்னர் மாற்றுவதோ, புதிதாகக் கற்பிப்பதினும் கடினம்.

இனி, இதற்கு உதவும் விளையாட்டுக்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது தொனி. பிள்ளையின் கையிலே ஒரு பொம்மைக் கார் போதும். சமதரையிலே ஓடினால் முதலாம் தொனி. மேட்டில் ஏறினால் இரண்டாம் தொனி. பள்ளத்தில் இறங்கி மறுகரை ஏறினால் மூன்றாம் தொனி. சரிவிலே விரைந்து இறங்கினால் நான்காம் தொனி. கார் செல்லும் வழியே குரலும் செல்லும். பின்யினிலே உயிரெழுத்தின் மேல் இடும் தொனிக்குறிகளும் இதே வடிவின. ஆகவே, குறியைப் பின்னாளிற் காணும் பிள்ளைக்கு அது தான் கார் ஓட்டிய பாதையாகவே தோன்றும்.

அடுத்து, தொடக்கத்திற் சொன்ன கடை விளையாட்டு. அம்மொழியில் வாங்குதலும் 'மாய்', விற்றலும் 'மாய்'. மூன்றாம் தொனியில் வாங்குதல். நான்காம் தொனியில் விற்றல். வாங்க வந்தவன் தொனி தவறினால், கையிலுள்ளதை விற்க வந்தவனாகிவிடுவான்! இத்தகைய விளையாட்டிலே பிழையைத் திருத்த ஆசிரியை வேண்டுவதில்லை, விளைவே திருத்திவிடுகின்றது.

மூன்றாவது, மூச்சு விளையாட்டு. பின்யினிலே இலத்தீன் நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்துக் குறிக்கும் ஒலி, நம் 'பல்' என்னும் சொல்லின் முதலொலியை ஒத்தது. பதினாறாம் எழுத்தோ அதே ஒலியை மூச்சுக் காற்றோடு சேர்த்து வெளிவிடுவது. முன்னதால் தொடங்கும் 'பா' நான்காம் தொனியில் தந்தையைக் குறிக்கும். பின்னதால் தொடங்குவது அதே தொனியில் அஞ்சுதலைக் குறிக்கும். பிள்ளையின் வாய்க்கு எதிரே மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். தந்தையைச் சொல்லும்போது அது அசையாது நிற்கும். அச்சத்தைச் சொல்லும்போது படபடக்கும். கண்ணுக்குத் தெரியாத மூச்சைக் கடதாசி காட்டிக்கொடுக்கின்றது.

நான்காவது, வீட்டுப் பேச்சுக்கும் பொது மொழிக்கும் இடையிலுள்ள வேற்றுமை பற்றியது. சிச்சுவான், ஹூனான் முதலிய மாகாணங்களின் பல பகுதிகளிலே நகரமும் லகரமும் வேறுபாடின்றி வழங்குகின்றன. பொது மொழியிலே 'லி' என்பது இரண்டாம் தொனியிற் பேரிக்காய்; 'நி' என்பது அதே தொனியிற் சேறு. இரண்டு படங்களை வைத்து, ஆசிரியை சொல்வதைப் பிள்ளை எடுக்க வேண்டும். பின்னர் பிள்ளை சொல்வதை ஆசிரியை எடுக்க வேண்டும். பேரிக்காய் கேட்டுச் சேறு பெற்ற பிள்ளை சிரித்துக்கொண்டே நாவைத் திருத்திக்கொள்ளும். ஆயினும் இங்கே ஒன்றை மறத்தலாகாது. பாட்டியின் பேச்சு பிழையான பேச்சு என்ற எண்ணம் பிள்ளையின் உள்ளத்திற் புகுதல் கூடாது. வீட்டிலே ஒரு வகை, பள்ளியிலே ஒரு வகை என இரண்டையும் கைக்கொள்ளும் ஆற்றல் குழந்தைக்கு இயல்பாகவே உண்டு.

நாவை மடித்து ஒலிக்கும் ஒலிகள் சீனக் குழந்தைகளுக்கும் பிந்தியே கைவருவன. தொனிகளை மிக இளமையிலேயே பற்றிக்கொள்ளும் பிள்ளை, இவ்வொலிகளிலே நான்கு வயதுக்குப் பின்னும் தடுமாறுவதுண்டு. 'நான்கு' என்பதையும் 'பத்து' என்பதையும் மாறி மாறிச் சொல்லவைக்கும் நாப்பிறழ் விளையாட்டு ஒன்று அந்நாட்டிலே பெயர் பெற்றது. பெரியோரும் அதிலே இடறுவர். ஆகையால் பிள்ளை இடறும்போது கடிந்துகொள்ள நமக்கு உரிமை ஏது?

இவ்வாறு செவியும் நாவும் பண்பட்ட பின்னரே, தொடக்கப் பள்ளியிலே எழுத்து வருகின்றது. 2017ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் முதலாம் வகுப்புக்கு வந்த பொதுப் பாடநூல், வானம், நிலம், மனிதர் முதலியவற்றைக் குறிக்கும் சில சீன எழுத்துக்களை முன்வைத்து, பின்யினை அவற்றின் பின்னரே வைத்தது. எழுத்தைக் கற்பிப்பதிலும் விளையாட்டுக்கு இடமுண்டு. வானொலி ஒலிபரப்பை அவர்கள் 'குவாங்போ' என்பர். அதன் ஈற்றசையின் முதலொலியைக் குறிக்கும் எழுத்தை, வானொலி கேட்கும் படத்தோடு இணைத்துக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. இரு புள்ளிகளைத் தலையிற் கொண்ட 'யூ' என்னும் எழுத்து, ஜே, கியூ, எக்ஸ் என்னும் மூன்றை அடுத்து வரும்போது புள்ளிகளை இழக்கும். அம்மூவரையும் கண்டதும் மரியாதையோடு தொப்பியைக் கழற்றுகிறது என்று கதை சொன்னால், அவ்விதி பிள்ளைக்கு எளிதில் மறவாது. ஒரு கோலும் ஒரு வளைவுமாய், திசையால் மட்டும் வேறுபடும் எழுத்துக்கள் நான்கு உள்ளன. ஒரு குச்சியையும் ஒரு வளையத்தையும் கொடுத்தால், பிள்ளை அவற்றைத் தானே திருப்பித் திருப்பி வைத்து அறிந்துகொள்ளும்.

பெற்றாருக்கு ஒரு சொல். விளையாட்டு என்ற பெயரால் பாடத்தை ஒளித்து ஊட்டுதல் விளையாட்டாகாது. பத்து நிமிடம் போதும். பிள்ளை எழுந்து ஓடினால் அன்றைக்கு அதுவே எல்லை. தவறிய சொல்லைக் குறை கூறாது, சரியான ஒலியிலே நாம் ஒருமுறை திருப்பிச் சொன்னால் செவி அதனை ஏற்றுக்கொள்ளும்.

அந்தக் கடைக்கு வந்த சிறுவன் ஒரெழுத்தும் எழுதவில்லை. ஆயினும் தன் மொழியின் நுட்பம் ஒன்றைத் தன் குரலாலேயே கண்டறிந்தான். ஈராண்டின் பின் வகுப்பிலே அந்தத் தொனிக்குறியைக் காணும்போது அவன் அஞ்சமாட்டான். முன்னொரு நாள் தனக்கு இனிப்பைப் பெற்றுத் தந்த குரலே அது என்று அறிந்துகொள்வான்.